இரும்புத் தூணில் கேட்ட வீணை

நான் ஒரு புளுகன்.

இதை நயமாகச் சொல்லியிருக்கலாம். ‘கற்பனை சற்று மிகுந்தவன்’ என்று சொன்னால் காதுக்கு இதமாக இருக்கும். வேண்டாம்! மைசூருக்கு வந்து, தலைமுடியில் பாதியை இழந்து மீதியை வெள்ளையாக்கிக்கொண்ட பிறகும், மைசூர் அரண்மனைக்குள் நான் ஒருமுறைகூடக் காலடி வைத்ததில்லை. வைக்காமலேயே அதைப் பற்றி ஒரு தமிழ் மாத இதழில் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதியதோடு நின்றேனா? அங்கே இல்லாத ஒரு தூணையும் கொண்டுபோய் நட்டேன்!

அது எப்படி ஐயா, அதே ஊரில் இருந்துகொண்டு... என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் இருப்பதால்தான்! வெளியூர் விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அரண்மனைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். செருப்பு வைக்கும் இடத்திலோ தள்ளுமுள்ளு. “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. செருப்பை நான் பாத்துக்கறேன். நான் பாக்காத அரண்மனையா!” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். மடியில் ஒரு புத்தகம். சுற்றிலும் உறவினர்களின் செருப்புகள். இப்படியே காலம் போயிற்று. ஒருவர்கூடச் செருப்பைத் தொலைத்ததில்லை. இந்த ஊருக்கு நான் செய்த தொண்டு அவ்வளவுதான்.

பிறகு அந்தக் கட்டுரை. ‘மைசூர்க்காரர்’ என்று எனக்குப் பட்டம் கொடுத்திருந்த ஆசிரியர், ஒருநாள் தொலைபேசியில், “அரை பக்கம் குறையுது சார், ஏதாவது சேர்த்துக் குடுங்க” என்றார். சேர்த்தேன். அரண்மனையின் கல்யாண மண்டபத்தில், மேற்கு ஓரமாக ஒரு கல்தூண். அதில் காதை வைத்தால் வீணை ஒலிக்கும். எந்தக் காலத்திலோ அங்கே வாசித்த ஒருவருடைய விரல்கள் அதற்குள் இன்னும் ஓயவில்லை... எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. வெட்கங்கெட்டவன்!

யார் இதையெல்லாம் நினைவு வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று இருந்தேன். ஒருவர் வைத்துக்கொண்டார். அவர் என் மகளுக்கு மாமனார் ஆகவேண்டியவர்!

என் மகள் நந்தினியும் சத்தியமங்கலத்துப் பையன் ஒருவனும் பெங்களூரில் ஒரே அலுவலகம். தங்களுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார்கள். பையனின் உறவினர்கள் துள்ளிக் குதித்தார்களாம். வேறு சாதி, வேறு ஊர், பெண் தமிழைவிடக் கன்னடம் நன்றாகப் பேசுகிறாள்... அத்தனை பேரையும் அடக்கியவர் பையனின் அப்பா சென்னியப்பன். அவர் சொன்னதை நந்தினி அப்படியே வந்து ஒப்பித்தாள்.

“அவரு எழுதறதை நானு வருசக்கணக்காப் படிக்கறனப்பா. எழுத்துல ஒரு பொய் இருக்காது. அப்பேர்ப்பட்ட மனுசனூட்ல பொண்ணெடுக்க என்ன ரோசனை?”

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெருமையால் என்று என் மனைவி ராஜி நினைத்துக்கொண்டாள்.

வீடு பார்க்க வருவதாகச் சென்னியப்பனிடமிருந்து தொலைபேசி வந்தது. “ஊடு பாக்கறதெல்லாம் சும்மா ஒரு மொறைக்குங்க சம்பந்தி. அந்த வீணைத் தூணை மட்டும் கண்ணுல காட்டிப்போடுங்க. தட்டு மாத்தறதைப் பத்தி அப்பறம் பேசிக்கலாமுங்க.” தட்டு மாற்றுவதற்கு முன்பே சம்பந்தி! அன்பு பாருங்கள்... அந்த அன்பே என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

“அப்பா, அந்தத் தூண் நிஜமாவே இருக்கு தானே?” என்றாள் நந்தினி.

“இருக்கு.”

“ஹௌதா, அப்படியா? பின்ன ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? ப்ளீஸ்ப்பா, அவர்கிட்ட ஜோக் எல்லாம் அடிக்காதீங்க. பொய் சொன்னா மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. கூடப் பொறந்த தம்பிகிட்டயே அதுக்காகப் பேச்சை நிறுத்தினவர்.”

நேர்மையான ஒருவன் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நகரின் நினைவுச் சின்னங்களைச் சுற்றிக் காட்டும் அரை நாள் பேருந்தில் மூன்று இருக்கைகளுக்குப் பதிவு செய்தேன்! முழு நாள் என்றால் சாவகாசமாகக் காட்டுவார்கள். அரை நாள் என்றால் ஆட்டு மந்தையைப் போல ஓட்டுவார்கள். அந்த ஓட்டத்தில் தூண் நழுவிவிடும். இதுதான் என் ராஜதந்திரம்.

“நம்ம ஊரை நாமே டூர் பஸ்ல போய்ப் பாக்கறதா?” என்றாள் ராஜி.

“கைடு நல்லா விளக்குவார்.”

“ஏன், உலகத்துக்கே விளக்கின நீங்க பக்கத்துலயே இருக்கீங்களே!” இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சிரிக்காமல் சொல்ல ராஜிக்கு வரும்.

திம்பம் மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் கடந்து வந்தும் அலுப்பே இல்லாமல், வெள்ளை வேட்டி கசங்காமல் காலையில் வந்து நின்றார் சென்னியப்பன். பேருந்தில் இடப்பக்கத்துச் சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். காற்றுக்காக என்று நினைத்தேன். அவருக்கு வலப்புறம் நான். எங்களுக்குப் பின்னால் ராஜி.

வழிகாட்டியின் பெயர் சிவண்ணா. அவர் கையில் ஒலிவாங்கி ஒன்று. அவர் வாயைத் திறக்குமுன் அது கிறீச்சிட்டது. “வெல்கம்! மைசூரு, மஹாராஜருடைய ராஜதானி! தமிழ் ஜனங்களுக்கு வணக்கா!” ஒவ்வொன்றையும் மூன்று மொழிகளில் சொன்னார். தேவாலயக் கோபுரத்தின் உயரம் கன்னடத்தில் ஒன்றாகவும் இந்தியில் வேறாகவும் இருந்தது. தமிழர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியா வாய் கூசாமல்...! என்று பொங்கியவன், நான் யார் என்பது நினைவுக்கு வந்ததும் அடங்கிப்போனேன்.

தாமதம் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பட்டுப் புடவைக் கடையில் பேருந்து நின்றபோது என் மகிழ்ச்சியைக் கேட்க வேண்டுமா! மனைவி பட்டுப் புடவை பார்க்கட்டும், நிறையப் பார்க்கட்டும், புரட்டிப் புரட்டிப் பார்க்கட்டும் என்று ஒரு கணவன் உருகி நின்றது அந்தக் கடையின் சரித்திரத்திலேயே அன்றுதான் இருக்கும். ராஜியோ, “எனக்கு ஒண்ணும் வேணாம்” என்று முதல் ஆளாக வெளியே வந்தாள். வாழ்நாளில் முதல்முறை! நாக்பூரிலிருந்து வந்திருந்த பெரிய குடும்பம் ஒன்று, ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் திரும்பியது. என்ன ஜனங்கள்!

அடுத்து ஓவியக் காட்சிக்கூடம். அது அன்று மூடியிருந்தது. “நோ பிராப்ளம்! அந்த டைமும் அரமனைக்கே!” என்றார் சிவண்ணா. பேருந்து முழுவதும் கைதட்டியது. சென்னியப்பன் எல்லாரையும்விட உரக்கத் தட்டினார்.

அரண்மனை வாசலில் எனக்குக் கடைசியாக ஒரு கிளை தெரிந்தது. பிடித்தேன். “செருப்பையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க...”

“பேடா ஸார்! எல்லா செருப்பும் பஸ்லயே விட்டுபிடி. டிரைவர் நோட்கோத்தாரு!”

ஓட்டுநர் பார்த்துக்கொள்வாராம். இத்தனை ஆண்டு உத்தியோகம் ஒரே நொடியில் போயிற்று. வெறுங்காலோடு, ஆயுளில் முதல்முறையாக, மைசூர்க்காரர் மைசூர் அரண்மனைக்குள் நுழைந்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்... அழகாக இருந்தது. கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிக் கூரை முழுவதும் வண்ண மயில்கள். அவற்றின் நிறம் வழிந்து என் சட்டையில் விழுந்தது. நான் எழுதிய எதிலும் அந்த மயில் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய உண்மை இங்கே தொங்கிக்கொண்டிருக்க, நான் ஏன் போய் ஒரு பொய்யை நட்டேன்? இருந்ததை விட்டுவிட்டு இல்லாததை எழுதியிருக்கிறேனே, மடையன்!

பிறகு தூண்களைப் பார்த்தேன். கல்தூண் என்று எழுதியிருந்தேன். அங்கே நின்றவையோ இரும்புத் தூண்கள்! வார்த்து எடுத்து வண்ணம் பூசிய, சுத்தமான இரும்பு!

“ஏனுங்க கைடு,” என்று சென்னியப்பன் எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். “காதை வெச்சா வீணை கேக்குமாமே, அந்தத் தூணு எதுங்க?”

சிவண்ணா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ! ஒரு பேருந்துக் கூட்டத்தின் முன்னால் ‘தெரியாது’ என்று சொல்லும் வழக்கம் வழிகாட்டிகளுக்குக் கிடையாது என்பதை அப்போதுதான் அறிந்தேன். எழுத்தாளர்களுக்கும் கிடையாது.

“இதே ஸார்!” என்று கைக்கு எட்டிய தூணைக் காட்டினார். “டச் பண்ணி கெடுத்துடறாங்கன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்லா!”

“கல்லுத் தூணுன்னு சம்பந்தி எழுதியிருந்தாருங்களே?”

“மேல பெயிண்ட் ஸார். உள்ளே இரும்பு. இரும்பு இருந்தாத்தானே வீணை தந்தி மாதிரி சவுண்ட் பரும்!”

நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம்! பொறாமையாக இருந்தது.

சென்னியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலில் செய்வதைப் போல. தூணை நெருங்கி, முகத்தை என் பக்கமாகத் திருப்பி, இடது காதை அதில் பதித்தார். கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகளின் கல்யாணம் அந்த இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ராஜி என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தாளா, கிள்ளினாளா, இன்றுவரை தெரியவில்லை.

“கேக்குதுங்க சம்பந்தி,” என்றார் அவர் மெதுவாக. “நல்லாக் கேக்குது.”

உடனே நாக்பூர்க் குடும்பம் வரிசையில் நின்றது. குடும்பத் தலைவருக்குக் கேட்டது. அவர் தம்பிக்கு இன்னும் நன்றாகக் கேட்டது. காவலர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். “நீங்களும் ஒருக்கா வெச்சுப் பாருங்க” என்றார் சென்னியப்பன். வைத்தேன். இரும்பு சில்லென்றிருந்தது. அதில் என் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது.

“ஆமாம்... கேக்குது” என்றேன்.

ஒரு பொய்யை எழுதுவது ஒன்று. அதன்மேல் காதை வைத்து, அதை நம்பியவரின் முகத்துக்கு எதிரே ‘ஆமாம்’ என்பது இன்னொன்று. முன்னது தொழில் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பின்னதற்கு என்ன பெயர்?

சாமுண்டி மலையில் பெரிய நந்தியைச் சுற்றி வந்தபோது அது என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. நந்தி எல்லாரையும் அப்படித்தான் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும்...

திரும்பும்போது எங்கள் இருக்கைகளை நாக்பூர்க்காரர்கள் பிடித்துவிட்டார்கள். சென்னியப்பன் வலப்பக்கத்துச் சன்னலோரம் உட்கார்ந்தார். அவருக்கு இடப்புறம் நான். பேருந்து மலை இறங்கியது. இயந்திரம் உறுமியது. சிவண்ணாவின் ஒலிவாங்கி ஓய்ந்திருந்தது. ராஜி பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை...

குனிந்து, அவர் காதருகே எல்லாவற்றையும் கொட்டினேன். “சம்பந்தி, அந்தத் தூண் பொய். நான் அரண்மனைக்குள்ள போனதே இன்னிக்குத்தான். இத்தனை வருஷமா வாசல்ல செருப்புக்குக் காவல் இருந்தவன் நான். கல்யாணத்தைப் பத்தி நீங்க என்ன முடிவு பண்ணினாலும் சரி. என் பொண்ணுக்கு இதுல எதுவும் தெரியாது. பாவம் அவ.”

அவர் சிரித்தார். தலையை மெல்ல ஆட்டினார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஒரு வார்த்தை பேசவில்லை! என்ன மனிதர்! பொய்க்காகத் தம்பியையே விலக்கியவர் எனக்காக இறங்கி வந்துவிட்டார்! நகருக்குள் வந்து சேரும்வரை எனக்குக் கண்ணெல்லாம் ஈரம். அன்று மாலையே வீட்டில், “நல்ல நாளாப் பாத்துத் தட்டு மாத்திக்கலாமுங்க” என்றார். மாலையில் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த நந்தினி என்னைக் கட்டிக்கொண்டாள். மன்னிக்கப்பட்ட மனிதன் எப்படி நடப்பான் என்று கேட்டால் என்னைக் காட்டியிருக்கலாம். அதன்பின் கொஞ்ச காலம் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன்.

இடையில் ஓர் எரிச்சல். அலுவலக நண்பர் ஒருவர் தம் விருந்தாளிகளோடு அதே பேருந்தில் போய்வந்தார். சிவண்ணா இப்போது கூட்டம் முழுவதற்கும் அந்தத் தூணைக் காட்டுகிறாராம். யாராவது சந்தேகப்பட்டால், “தமிழ் ரைட்டர் ஒப்புரு புக்குலயே பர்தித்தாரு ஸார்!” என்கிறாராம். எழுத்தாளர் ஒருவர் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறாராம். அத்தாட்சி நான்! போய் மறுக்கலாம் என்று கிளம்பினேன். வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். மறுத்தால் சத்தியமங்கலத்துக்குத் தெரிந்துவிடுமே... தெரிந்தால்தான் என்ன, அவரிடம்தான் சொல்லியாயிற்றே... என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

தட்டு மாற்றினோம். அழைப்பிதழ் அச்சானதும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு சத்தியமங்கலம் போனேன். கூடத்துச் சோபாவில் சென்னியப்பனுக்கு இடப்புறம் ஒட்டினாற்போல உட்கார்ந்து, “அன்னிக்கு பஸ்ல நான் சொன்னதை நீங்க பெருசா எடுத்துக்காம விட்டீங்களே...” என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். தலையை மெல்ல ஆட்டினார். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் துணிவில்லை. அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது. தூணில் அவர் எதைக் கேட்டார், ஏன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று கேட்கவும் துணிவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அல்லது... சொல்லித்தான் விடுங்களேன்!

அன்று காபி டம்ளரோடு வந்த அவர் மனைவி என்னைப் பார்த்துப் பதறிப்போய்ச் சொன்னார்:

“அட, அந்தப் பக்கம் உக்காந்து பேசாதீங்கண்ணா! அவருக்கு எடது காது சின்ன வயசுலயே போயிருச்சுங்க. அந்தப் பக்கம் ஆரு என்ன சொன்னாலுஞ் செரி, சிரிச்சுட்டே தலைய ஆட்டி, கையத் தட்டிக் குடுத்துப்போடுவாருங்க!”