பூவரசில் சிவப்புப் பெயின்ற்

உப்புவெளியில் நான் தங்கியிருக்கும் வீட்டு நாய் ரொம்மியைக் காலையில் நடக்கக் கூட்டிப்போகிறேன். வீட்டு மதிலை விழுங்கி நிற்கும் வேம்பில் தொடங்கி, மரத்துக்கு மரம் அது நின்று காலைத் தூக்கப் பார்க்கிறது. நான் கயிற்றை இழுக்கிறேன். கரையில் ஒரு கிழட்டுப் பூவரசு, கடலுக்கு முதுகு காட்டிக் கூனி நிற்கிறது. அடிமரத்தில் சிவப்புப் பெயின்ற். எங்கள் ஊரில் வீதியை அகலிக்க வெட்டிய மரங்களுக்கும் இப்படித்தான் குறி போட்டார்கள்.

கரையேற்றிய படகின் பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"அக்கா, இதை வெட்டப் போகினமோ?"

"ஆர் சொன்னது? போட்டுக்குப் பெயின்ற் அடிச்சா பிரஷை இதிலதான் துடைக்கிறனாங்கள். இதை வெட்டினா காத்துக் காலத்தில போட்டை எதில கட்டுறது?"

அப்பாடா. குனிந்து பார்க்கிறேன். சிவப்புக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே பச்சை.

ரொம்மி காலைத் தூக்குகிறது. இம்முறை நான் கயிற்றை இழுக்கவில்லை.