மண்பையும் இரண்டு படிவங்களும்

படித்த பல்கலைக்கழகத்திலேயே டெமோ, அதாவது செய்முறைப் பயிற்றுநர் வேலைக்குச் சேர்ந்த சக பாவிகளுக்குத் தெரியும்: செய்முறை வகுப்பில் மாணவருக்கு நாம் மிஸ், விரிவுரையாளருக்குப் பிள்ளை, சோதனைக் குழாய் கழுவும்போது யாருமே இல்லை. ஒரு வருச ஒப்பந்தம் முடிவதற்குள் மாஸ்டர்ஸ் என்கிற முதுமாணியா, பி.எச்.டி. என்கிற கலாநிதியா என்று வேறு முடிவெடுக்க வேண்டும்.

பஸ்ஸில் வந்த மண்

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலே. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. எவ்வளவு தண்ணீர் குடித்தால் அந்த மண் பிடியை விடும்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதனால் திங்கட்கிழமைதோறும் பை நிறைய மண்ணோடு, பல்கலைக்கழகம் இருக்கும் பதுளைக்கு பஸ் ஏறுவேன்.

பையைத் தூக்கப்போன கண்டக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளே என்ன என்றார். மண்ணுங்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, பதுளையில மண்ணே இல்லையா?"

அறைக்குள் மழை

எங்கள் விரிவுரையாளர் மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் போனில் ஒரு வீடியோ காட்டினார். ஜப்பானில் ஒரு ஆய்வுகூடம். பெரிய மண்டபத்துக்குள் செயற்கையாக ஒரு மலைச்சரிவு. கூரையிலிருந்து மழை கொட்டுகிறது. மண் சரியும் நிமிடத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது. அங்கே கலாநிதிப் படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் தர ஒரு பேராசிரியர் சம்மதித்திருந்தார். நாலு வருசம்.

ஐயோ, நான் அதை எத்தனை தரம் பார்த்தேனோ! மத்தியானச் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. அந்த அறையில் ஒரே ஒரு நாள் நின்றால் போதும் என்று மேடத்திடமே சொன்னேன்.

"இஞ்ச முதுமாணி எண்டு மினக்கெடாதையும். உமக்கு அதுக்கான மூளை இருக்கு, நேர கலாநிதிக்குப் போம்."

மேசையில் இரண்டு

முதுமாணி என்றால் இரண்டே வருசம். சனி ஞாயிறு கண்டியில் வகுப்பு, ஆய்வுக்கு எங்கள் மலையே. ஜப்பானில் அவர்கள் மலைதான். இரண்டு படிவத்தையும் நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆய்வுகூட உதவியாளர் அண்ணன் மேசை துடைக்கும்போதெல்லாம் அவற்றைத் தூக்கித் தூக்கி வைத்து அலுத்துப்போனார்.

"மிஸ், கடைசியில ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுறாதீங்க."

அம்மா கேட்டது

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது விடாத மழை. அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நனைந்து வந்தார். வெடிப்புக்குள் இப்போது கை நுழைகிறது என்றார். தோட்டத்து ஆபீசில் கேட்டால், யாராவது அளந்து எழுத்தில் கொடுத்தால் வேறு இடம் பார்க்கலாம் என்கிறார்களாம்.

ஜப்பான் கதையைச் சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். அம்மா முழுக்கப் பார்த்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது போயிருப்பேன்.

"நல்லா இருக்கு பாப்பா, போயிட்டு வா. நீ வர்ற வரைக்கும் நாங்க எங்க படுக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

ஆக, சக பாவிகளே, முதுமாணிப் படிவம் கையெழுத்தோடு தபாலில் போய்விட்டது. வெளியே நிஜ மழை கொட்டும்போது, மடியில் மண்பையோடு பஸ்ஸில் உட்கார்ந்து ஜப்பான் மழையைப் போனில் பார்க்கிற ஒரே பைத்தியம் நான்தான்.