காண்ட்ராக்டர் பெயர் போட்ட கல்

பழைய நூலகத்தை இடித்த இடத்தில் புழுதி அடங்கத் தண்ணீர் அடித்தார்கள். நனைந்த சிமென்ட் வாடை மூக்கில் ஏறியது. அது என் அம்மாவின் சேலை வாடை.

அந்த நூலகத்துக்குச் செங்கல் சுமந்த சித்தாள் அவள். எனக்கு அப்போது ஏழு வயது. சாயங்காலமானால் சிமென்ட் தின்ற அவள் விரல்களில் தேங்காயெண்ணெய் தடவுவேன். பல்லைக் கடித்துக்கொள்வாள்.

திறப்பு நாளில் வேலை செய்தவர்களுக்குப் புதுத்துணி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா தலைக்குக் குளித்து என்னையும் கூட்டிப்போனாள். கொத்தனார்களுக்கு வேட்டி துண்டு கொடுத்த காண்ட்ராக்டர், அம்மா கை நீட்டியதும் தாம்பாளத்தை இழுத்துக்கொண்டார்.

"சித்தாளுக்கெல்லாம் எதுக்குச் சேலை? பெரிய மனுசங்க வார நேரம், அங்குட்டுப் போ."

அவருக்குப் பின்னால் சுவரில் பளிங்குக்கல். அதிலிருந்த அவர் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து வைத்துக்கொண்டேன்.

இன்று இதே வளாகத்தில் எழும் புதுக் கட்டடத்துக்கு நான்தான் பொறியாளர். தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காண்ட்ராக்டரின் மகன் வந்தார்.

"அப்பா பேரு போட்ட கல்லு மேடம். புதுக் கட்டடத்துலயும் பதிச்சிருவீகளா?"

"போன வாரமே பெயர்த்தெடுத்துப் பதிச்சாச்சு, வாங்க."

வேலையாட்கள் கைகால் கழுவும் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். தரையில் பெயர் மேலே தெரியப் பதித்த அந்தக் கல்லில் ஒரு சித்தாள் நின்று, காலில் ஒட்டிய சிமென்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். அவர் வழியிலேயே நின்றார்.

"சார், அங்குட்டுப் போங்க," என்றேன். "அவுக கால் கழுவணும்."