முகம் உள்ள பனர்களை என்ன செய்வது?

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்த நேரம், தர்மபுரத்திலிருந்து பார்வதி அக்கா போனில் கோல் எடுத்தார்.

"டீச்சர், அந்தப் பையி எப்ப டீச்சர் வரும்?"

எந்தப் பை என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, கேட்கவில்லை. அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

"விசாரிச்சுச் சொல்லுறன் அக்கா."

"அவசரமில்லைங்க டீச்சர். நாலு மாசமாச்சேன்னு கேட்டேன்."

அவசரமில்லை என்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். நாலு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு கடையைப் பற்றி எழுதினேன். கிளிநொச்சியில் பெயர்ப்பலகை, சந்திகளில் கட்டுகிற பனர், வாகன ஸ்டிக்கர் எல்லாம் செய்கிற கடை. என் மகள் தர்சிகா அங்கேதான் டிசைனராக வேலை செய்கிறாள் — அதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். அந்தக் கடை 'பசுமைக் கடை'யாக மாறியிருந்தது. மணம் குறைந்த மை. கரண்ட் குறைவாகக் குடிக்கிற வெளிச்சப் பலகைகள். அடிக்கிற ஒவ்வொரு பனரின் மூலையிலும் ஒரு பச்சை இலை. அதற்கும் மேலாக ஒரு அறிவிப்பு: பழைய பனர்களை எறியாதீர்கள், எரிக்காதீர்கள், எங்களிடம் தாருங்கள், பை தைத்துத் தருகிறோம்.

நான் நம்பினேன். ஏன் நம்பினேன்?

முதல் காரணம் சுயநலம். தர்சிகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு, மூச்சு விடக் கஷ்டப்படுவாள். பழைய மையின் மணத்தோடு அவள் வீட்டுக்கு வரும் நாட்களில் எனக்கு நித்திரை வராது. புதிய மை வந்த பிறகு அந்த மணம் குறைந்தது. என் பிள்ளையின் நெஞ்சுக்கு நல்லது செய்த கடை எனக்கு நல்ல கடை. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

இரண்டாவது காரணம், அஞ்சலி பனர்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அன்றைக்கே சந்தியில் பனர் கட்டவேண்டும். முப்பத்தோராம் நாளுக்கு இன்னொன்று. ஆண்டுத் திவசத்துக்கு மற்றொன்று. கட்டுவது சுலபம். கழற்றிய பிறகு? ஆறடி நீளத்தில் அப்பாவின் முகம். அதைக் குப்பையில் போட மனம் வருமா? தரையில் விரித்து நெல் காயப்போடலாமா? மிதிபடுமே... வன்னியில் தண்ணீர் உள்ளே விடாத எந்தச் சீலையையும் நாங்கள் எறிகிறவர்கள் அல்ல. யுத்தம் முடிந்து செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே மழைக்காலம் கழித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிவிட்டது. ஆகவே அஞ்சலி பனர் கூரைக்குப் போகும். முகம் வானத்தைப் பார்க்கிற மாதிரித்தான் போடுவார்கள். அது யாரும் சொல்லிக்கொடுக்காத ஒழுங்கு.

பார்வதி அக்காவின் வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன்னால் காலமானார். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். வீட்டில் இருந்த ஒரே படம் அடையாள அட்டைப் படம்தான். அதைப் பெருப்பித்து, அவர் வாழ்நாளில் போடாத ஒரு கறுப்புக் கோட்டையும் கழுத்துப்பட்டியையும் போட்டுவிட்டது என் மகள்தான். அந்த பனர் ஒரு வருடம் ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே கிடந்தது. என் பத்தியை வாசித்த மகன் சொல்லி, அக்கா அதைக் கழற்றிக் கழுவி, சுருட்டி, என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

"மொகம் தெரியுற மாதிரி ஒரு பையி தைச்சுத் தந்தாப் போதும் டீச்சர். கோயிலுக்குக் கொண்டு போவேன்."

கொடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"ஒரு தரம் எரிச்சாச்சு. ரெண்டாந்தரம் எரிச்சிறக் கூடாது டீச்சர்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கு நான் பொறுப்பு அக்கா."

கேத்தலை இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். கடைக்குள் தர்சிகாவைக் காணவில்லை. பின்பக்கமாகப் போனேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

பிளாஸ்டிக் எரிகிற மணம்.

அந்த மணம் வந்தால் எனக்கு மூக்குக்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும். ஏன் என்று, யுத்தத்தைக் கண்ட இந்த ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் எட்டிப் பார்த்தேன்.

ஒரு இரும்புப் பீப்பா. அதற்குள் நகைக்கடைத் திறப்பு விழா ஒன்று சுருண்டு சுருண்டு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தடியோடு கடை முதலாளி — முப்பது வயதுத் தம்பி. என்னைக் கண்டதும் தடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தடியை மறைத்து என்ன பயன், புகை மேலே போகிறதே.

"தம்பி, பை தைக்கிறது இப்பிடித்தானோ?"

"அக்கா... இருங்கோ, சொல்லுறன்."

சொன்னார். முதல் மாதம் தையல்கடைக்குக் கொடுத்துப் பார்த்தாராம். மெசின் ஊசி உடைந்தது. தைத்த பைகள் வெயிலில் தோல் உரிந்தன. கொழும்பில் பழைய பிளாஸ்டிக் வாங்குகிற ஆட்களைக் கேட்டாராம். உள்ளே நூல்வலை ஒட்டியிருக்கிறது, பிரிக்க ஏலாது என்று விட்டார்களாம்.

"அப்ப அந்த இலை?"

"இலை பொய் இல்லை அக்கா. மை உண்மையாவே நல்ல மை. லைற்றும் நல்ல லைற். அடிக்கிற சீலைதான் பழைய சீலை."

"அறிவிப்பை எடுத்திருக்கலாமே?"

"பச்சை எண்டு போடாட்டி ஓடர் தாற ஒபிஸ் ஆக்கள் எங்கட கொட்டேசனைத் திறந்தும் பாக்க மாட்டினம். நீங்களும் பேப்பரில எழுதிட்டீங்கள். சனம் கட்டுக்கட்டாக் கொண்டந்து குடுக்குது. நான் எங்க வைக்கிறது?"

கோபப்படத்தான் போனேன். 'நீங்களும் எழுதிட்டீங்கள்' என்ற இடத்தில் அந்தக் கோபம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் ஒரு ஊசியைக்கூடப் பார்க்காமல் எழுதினேன்.

"தம்பி, தர்மபுரத்து அக்கா ஒருத்தற்றை பனர் தந்தனான். கோட் போட்ட ஐயா. அது எங்கை?"

"அக்கா, அது இல்லாட்டியும் புதுசா ஒண்டு அடிச்சுத் தாறன். நல்ல மையில. காசு வேண்டாம்."

பழையதை எரித்துவிட்டுப் புதிதாக ஒன்று. இதுதான் பசுமையா? கேட்கவில்லை. எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பார்வதி அக்காவுக்கு எந்த வாயால் சொல்லப் போகிறேன்...

பின்கதவில் தர்சிகா. முகத்தில் மாஸ்க்.

"அம்மா, உள்ளுக்கு வாங்கோ. புகை."

எனக்குச் சொல்கிறாள். இழுப்புக்காரி எனக்குச் சொல்கிறாள்.

"உனக்கு இது தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"ரெண்டு மாசமா."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் படுக்க மாட்டீங்கள். வந்து வந்து எனக்கு மூச்சு வருதோ எண்டு பாப்பீங்கள். பிறகு ரெண்டு பேருக்கும் நித்திரை இல்லை."

அவள் என் கையைப் பிடித்துக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போனாள். சுவரோரமாக, நிமிர்த்தி நிமிர்த்தி, சுருட்டிய பனர்கள். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஒரு பெயர், ஒரு ஊர். உடையார்கட்டு. செட்டிகுளம். தர்மபுரம்.

"முகம் இருக்கிறதை நான் எரிக்கக் குடுக்கேல்லையம்மா."

பின்னால் நின்ற முதலாளி பெருமூச்சு விட்டார். "முகத்தை எரிச்சா நாளைக்கு வேலைக்கு வரமாட்டன் எண்டு முதல் நாளே சொல்லிட்டா அக்கா. நல்ல டிசைனரை விட ஏலுமே? இப்ப எனக்குப் பலகை வைக்க இடமில்லை."

தேடினேன். கோட் போட்ட ஐயா மூன்றாவது வரிசையில் இருந்தார். சுருளை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இன்னொரு கட்டு. பிரித்துப் பார்த்தால் — கும்பிட்டபடி சிரிக்கிற தேர்தல் வேட்பாளர்கள்.

"இவையையும் ஏன் பிள்ளை வைச்சிருக்கிறாய்?"

"முகம் எண்டா முகம்தானேயம்மா. ஆளைப் பாத்துப் பிரிக்க வெளிக்கிட்டா அது எங்க போய் முடியும்?"

யுத்தத்துக்குள்ளிருந்து வெளியே வந்த எங்களை வரிசையில் நிற்கவைத்து ஆளைப் பார்த்துப் பிரித்தபோது அவளுக்கு ஏழு வயது. அவளுக்கு ஞாபகமில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் தர்மபுரம் போனேன். பார்வதி அக்கா முற்றத்தில் சுருளை விரித்து, சேலைத் தலைப்பால் ஐயாவின் முகத்தைத் துடைத்தார்.

"பை தைக்க ஏலாதாம் அக்கா. நான் விசாரிக்காமல் எழுதிப்போட்டன். மன்னிக்கவேணும்."

"எரிக்கலைல்ல?"

"இல்லை."

"அப்பச் சரிங்க டீச்சர்." கொஞ்சம் யோசித்தார். "பையி பையின்னு ஆசப்பட்டு இதக் கழட்டிட்டேன். ரெண்டு மழைக்குக் கொட்டில் பூரா ஒழுகிருச்சு. ஆடெல்லாம் என்னைய மொறைக்குதுக."

மகன் ஏணி வைத்தான். ஐயா மறுபடியும் கூரைக்குப் போனார் — முகம் வானத்தைப் பார்த்தபடி, கழுத்துப்பட்டியோடு. நாலு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டும்வரை அக்கா கீழே நின்று, இந்தப் பக்கம் தளர்ந்திருக்கு, அந்தப் பக்கம் இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆகவே, என்னை நம்பி பனர் கொடுத்தவர்களுக்கு: முகம் உள்ளவை பத்திரமாக இருக்கின்றன. பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவை எரிந்துவிட்டன. அதற்கு அந்தத் தம்பியோடு சேர்ந்து நானும் பொறுப்பு. இனி வருவதை எரிக்காமல், நெல் காயப்போடக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஓம் என்றார். செய்வாரா? தெரியவில்லை. ஆனால் இந்த முறை நானே போய்ப் பார்ப்பேன்.

இதை அனுப்பினால் உன் வேலைக்குப் பிரச்சினை வருமே என்று தர்சிகாவிடம் கேட்டேன். வாசித்துவிட்டு, "அனுப்புங்கோ" என்றாள். அன்றைக்கும் இரண்டு தரம் எழும்பிப் போய் அவளுடைய மூச்சைப் பார்த்தேன்.

இதை எழுதி முடிப்பதற்குள், வாய்வழியாகக் கேள்விப்பட்டே பதினொரு குடும்பங்கள் வந்து தங்கள் முகங்களை வாங்கிப் போயிருக்கின்றன. வேட்பாளர்களைக் கேட்டு மட்டும் இன்னும் ஒருவரும் வரவில்லை.