கீழ் லயத்தில் இரண்டு வெடி

லயத்துக்குள் வெடி போடக் கூடாது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவள் நான்தான். தீபாவளி கிட்ட வந்தால் இளவட்டங்கள் என்னைப் பார்த்து, "அக்கா, இந்த வருசமாவது மனசு எறங்குங்க" என்று கேலி பேசுவார்கள். இறங்க மாட்டேன். சுவரோடு சுவர் ஒட்டிய காம்பரா வீடுகள், தலைக்கு மேல் தகரம். ஒரு கோடியில் வெடித்தால் மறு கோடியில் அடுக்கி வைத்த தட்டு விழும். கோயிலுக்குக் கீழே மைதானம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே போய் ஆசை தீரப் போடட்டுமே. இப்படியெல்லாம் பேசுகிற நானே ஒரு தடவை, பட்டப்பகலில், இதே கீழ் லயத்தில் வெடி போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

எங்கள் தோட்டம் மடுல்சீமைக்கும் மேலே. பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் நடக்க வேண்டும். வருடத்தில் பாதி நாள் பனிக்குள் கிடக்கும் ஊர். பனி இறங்கிவிட்டால் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, காதுதான் எல்லாம். பள்ளத்து ஓடை, தோட்டத்தின் மேல் டிவிசனில் யாரோ விறகு பிளப்பது, மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் குடம் நிறைவது. வருவது யார் என்று இருமலை வைத்தே சொல்லிவிடுவோம். சின்ன வயதில் இந்த ஊரை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். பிறகு பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இருந்த இரைச்சலில், மாலையில் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் படுத்தால், எங்கள் பீலியின் சத்தம் எங்கிருந்தோ வருவது போல இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். கணவருக்குக் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அம்மாவும் நானும் மட்டும். பக்கத்துக் காம்பராவில் ஒரு அண்ணனும் அண்ணியும். அண்ணன் தேயிலை பெக்டரியில் வேலை செய்பவர், நல்ல மனிதர், ஆனால் வெடி இல்லாமல் சந்தோஷப்படத் தெரியாதவர். கிரிக்கெட்டில் ஜெயித்தால் வெடி. தேர்தலில் யார் ஜெயித்தாலும் வெடி. ஒரு நாள் அவருடைய மாடு கன்று போட்டது. என் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சீனவெடிச் சரத்தைக் கொளுத்திப் போட்டார் பாருங்கள், நான் கட்டிலில் இருந்து எழும்பியே விட்டேன். வயிற்றுக்குள் பிள்ளையும் துள்ளியது. பிள்ளைதான் துள்ளியது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவிழ்ந்த தலைமுடியோடு வாசலுக்குப் போய் நின்றேன். "ஏண்ணே, ஒங்களுக்கு அறிவு கிறிவு இருக்கா? மாடு ஈன்டதுக்கு நானும் ஈனணுமா?"

"சந்தோசத்துல போட்டேன் தங்கச்சி."

"ஒங்க சந்தோசத்த மாட்டுக்கிட்டப் போய்ச் சொல்லுங்க. எங்கிட்ட என்னத்துக்கு?"

லயமே சிரித்தது. ஆனால் நான் விடவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு கோயில் கூட்டத்துக்குப் போய், ஆண்களுக்கு நடுவில் நின்று கத்தினேன். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் பெண்கள் எல்லாம் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். லயத்துக்குள் இனி வெடி இல்லை என்று முடிவானது. ஒன்றுக்கு மட்டும் விலக்கு, சாவு வெடிக்கு. எங்கள் பக்கம் யாராவது இறந்தால் லயத்துக் கோடியில் ஒரே ஒரு ஆனைவெடி போடுவது வழக்கம். மேல் டிவிசனில் போனுக்கு சிக்னல் கிடையாது. வெடிச் சத்தம் கேட்டதும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அப்படியே வேலையை நிறுத்திவிட்டு இறங்கி வருவார்கள். ஒருவர் போனால் ஒரு வெடி. அதை யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அந்த வெடிகளைக் கோயில் வாங்கி, பக்கத்து வீட்டு அண்ணன் பொறுப்பில்தான் வைத்திருந்தது.

மகள் காலத்துக்கு முன்னாலேயே பிறந்துவிட்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிற அளவு பிள்ளை. வீட்டுக்கு அனுப்பும் முன்னால் அவள் காதில் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார்கள், மறுபடியும் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதைத் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

"காது கேக்குதா இல்லையான்னு இன்னும் சரியா வெளங்கல்ல. சின்னப் புள்ளைங்களுக்கு இப்படி வாறதுதான், பயப்படாதீங்க. அடுத்த மாசம் திரும்பக் கொண்டு வாங்க. அது வரைக்கும் வீட்டுல சத்தத்துக்குத் திடுக்கிடுதான்னு பாத்துக்கிட்டே இருங்க."

திடுக்கிடுகிறதா என்று பார்க்க நான் வந்து சேர்ந்த வீடோ, நானே சண்டை போட்டு அமைதியாக்கி வைத்திருந்த வீடு. குறைமாதப் பிள்ளை வந்திருக்கிறது என்று லயத்தில் எல்லோரும் பூனை போல நடந்தார்கள். அண்ணன் தன் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார், ரேடியோவைத் தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்டார். நாய்களைக்கூட யாரோ அதட்டி வைத்திருந்தார்கள் போல. பனி வாசல் வரை வந்து நிற்கும், பூண்டுக் குழம்பு வாசனை காம்பராவில் மெதுவாகச் சுற்றும், நானும் மகளும் ஒரு கம்பளிக்குள் கிடப்போம். காலை எது, மாலை எது என்று தெரியாது. அவள் தூங்குகிறாளா நான் தூங்குகிறேனா என்றும் பல நேரம் தெரியாது. கனவில்கூட நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தேன். ஒரு கனவில் அவள் திரும்பிப் பார்த்தாள். விழித்துப் பார்த்தால் சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "என்ன தங்கமான புள்ள! எதுக்கும் அசையலையே!" கேட்கும்போதெல்லாம் நீங்கள் பாராட்டுகிறீர்களா, பயமுறுத்துகிறீர்களா என்று கத்தத் தோன்றும்.

நான் கை தட்டினேன். சட்டியைத் தட்டினேன். கதவை அறைந்தபோது அவள் இமை ஆடியது, எனக்கு உயிர் வந்தது. ஆனால் கதவு மூடியபோது காற்றும் அடித்ததே. மறுபடி வாளியைப் போட்டேன், கட்டில் அதிர்ந்தது, அவள் கை அசைந்தது. அது சத்தத்துக்கா, அதிர்வுக்கா? அம்மா அடுப்படியில் இருந்து, "புள்ளன்னா தூங்கத்தான் செய்யும். நீயும் இப்படித்தான் கெடந்த. சும்மா போட்டு உசுர எடுக்காத" என்றார். அம்மாவும் பயந்துபோய்தான் இருந்தார். நான் பார்க்காத நேரத்தில் பிள்ளையின் காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த ஆஸ்பத்திரி நாள் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. காற்றும் அதிர்வும் இல்லாமல் தூரத்தில் இருந்து ஒரு பெரிய சத்தம் வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து அவர் வாசலில் போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு வெடி போடணும்."

அவர் சோற்றுக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடியாத்தி! இதக் கேக்கத்தான் நான் உசுரோட இருந்தேனா? யாரு, நீயா சொல்ற? இங்கயா போடச் சொல்ற?" மனைவியைக் கூப்பிட்டு, "இந்தா, வந்து பாரு, சட்டம் போட்டவ வந்து நிக்கிறா" என்று சிரித்தார். நான் காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேற்கொண்டு சாப்பிடவில்லை, கையைக் கழுவினார்.

"பீலிக்கிட்ட போயிப் போடுறேன் தங்கச்சி. அங்க இருந்து சத்தம் மட்டுந்தான் வரும். பச்சப்புள்ளக் காதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவரிடம் இருந்தது சாவுக்கு வைத்திருந்த ஆனைவெடிதான். அதில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு போனார். அது எதற்கான வெடி என்ற ஞாபகம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. வரும் நிலைமையிலும் நாங்கள் இல்லை.

மகள் விழித்திருந்தாள். கூரைத் தகரத்துக்கு நடுவில் போட்டிருந்த கண்ணாடித் தகட்டின் வெளிச்சத்தைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தாள். நான் பதறி அவளைத் தொட்டுவிடக் கூடாது என்று தள்ளிப் போய் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டேன். அண்ணி வாசலில் நின்று பீலிப் பக்கம் கையைக் காட்டினார்.

வெடித்தது. பள்ளத்தில் இறங்கிய சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. எனக்கு எலும்புக்குள்ளே தூக்கிப்போட்டது. மகள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இமை ஆடவில்லை. வாய்க்குக் கொண்டுபோன கை அதே வேகத்தில் வாய்க்குப் போனது.

"இன்னொண்ணு" என்றேன். "அண்ணி, இன்னொண்ணு போடச் சொல்லுங்க. அவ வேற எதையோ யோசிச்சுக்கிட்டு இருந்தா."

அண்ணி அழுதுகொண்டே கையை ஆட்டினார். இரண்டாவது வெடித்தது. அவள் விரல்களைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்றே தெரியாத கோபம். இந்த ஊரில், இந்தப் பனிக்குள், ஓடையும் இருமலும் பீலியும் தெரியாமல் இவள் எப்படி நடந்து வருவாள்? நான் கூப்பிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவாள்? அதற்குள் கதவுக்கு வெளியே பனி இறங்கி வெள்ளையாக நின்றது. எல்லாமே அவள் இருக்கும் இடம் போலச் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. அந்த வெள்ளைக்குள்ளிருந்துதான், எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, ஒரு ஒப்பாரி இறங்கி வந்தது. முதலில் அது என் நெஞ்சுக்குள் கேட்கிறது என்றே நினைத்தேன்.

அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ, சாவு வெடின்னு நெனச்சுட்டாளுகடி! ரெண்டு வெடி! தாயும் புள்ளையும்னு..."

மேல் டிவிசன் பெண்கள் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, சிலர் முதுகில் கொழுந்துக் கூடையோடு. முன்னால் என் பெரியம்மா. தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். பனிக்குள் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. என்னைத்தான் பாடிக்கொண்டு வந்தார். வாய்த்துடுக்குக்காரி, ஆனால் மனசு தங்கமாம். துணிக்கடைக்குப் போனவள் ஆளுக்கொரு ரவிக்கைத் துணியோடு வந்தாளாம். செத்தால்தான் இவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வரும் போல என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

பிள்ளையோடு வாசலில் போய் நின்றேன். பெரியம்மா பாதி வரியில் நின்றுவிட்டார். என்னையும் பார்த்தார், மடித்த துணிக்குள் அசைகிற காலையும் பார்த்தார். பிறகு ஓடி வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"படுபாவி! உசுரே போயிருச்சேடி எனக்கு!" அப்புறம் பின்னால் திரும்பி, "இருக்காடி! ரெண்டும் உசுரோட இருக்குடி!" என்று கத்தினார். அதன் பிறகுதான் அவர்கள் நிஜமாகவே அழுதார்கள். கூடையை இறக்கக்கூடத் தோன்றாமல், என்னைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷத்தில் அழுதார்கள்.

"பெரியம்மா, புள்ளைக்குக் காது கேக்கல" என்றேன்.

"இருக்கட்டும்டி, இருக்கட்டும். உசுரு இருக்குல்ல."

"இருக்கட்டும்னு சொல்லாதீங்க! ரெண்டு வெடி போட்டும் அவளுக்குக் கேக்கல பெரியம்மா!"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார், பச்சைக் கொழுந்து வாசனையடிக்கிற தோள். என் அழுகை உடைந்தது. நான் அழுதேன், பெரியம்மா அழுதார், அம்மா, அண்ணி, பீலியிலிருந்து ஓடி வந்த அண்ணன், கூடையோடு நின்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். அவ்வளவு பெரிய சத்தத்தை அந்த லயத்தில் எந்தத் தீபாவளியும் போட்டதில்லை.

எனக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த மகள் முகத்தைத் திருப்பினாள். அழுகிற வாய்களை ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்த்தாள். திறந்து மூடித் திறக்கிற அத்தனை வாய்கள். அவளுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ. பல்லில்லாத வாயைத் தானும் பெரிதாகத் திறந்தாள். சிரித்தாள். பிறந்து அதுவரை அவள் சிரித்ததில்லை.

ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினோம். வாய்கள் மூட மூட அவள் முகமும் மெல்லச் சுருங்கியது. பெரியம்மாதான் முதலில் கவனித்தார்.

"எவளும் வாய மூடாதீங்கடி! புள்ள பாக்குது."

கன்னத்தில் கண்ணீர் வழிய, கூடையும் படங்குமாக, பனிக்குள் நின்ற பெண்கள் எல்லோரும் மறுபடி வாயைத் திறந்தார்கள்.