சாரமில்லா

ஜூலை 9, புதன். ஐந்தரைக்கு எழுந்து, பால் வாங்கி வைத்துவிட்டு, எங்கள் நாய் ஜிம்மியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். திருநெல்வேலியிலிருந்து, மலையாளம் கலந்து பேசும் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த ஒரு மாதமாக அது இளைத்துக்கொண்டே வந்தது. எந்தப் பரிசோதனையிலும் காரணம் தெரியவில்லை.

அங்கே எடை பார்க்கும் அம்மாவின் ஈரக் கூந்தலில் எப்போதும் துளசிக்கதிர் இருக்கும். எந்த நாயை ஏற்றும் முன்பும் எடை மெஷினின் தட்டை உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்குவார். அன்று முள்ளைப் பார்த்துவிட்டு, "சாரமில்லா சாரே" என்றார்.

உடம்பில் சாரமே இல்லை என்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன்.

"அய்யோ, பரவாயில்லைன்னாக்கும் சொன்னது! போன வாரத்த விட ஒட்டும் குறையல, ஒரு கிராம்கூட!" என்று சிரித்தபடி ஜிம்மியை என் கையில் தந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, வீட்டு எடை மெஷினை உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு ஜிம்மியைக் கூப்பிட்டேன்.