செருப்பைச் சுமந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதத்தில், கிரேக்க நாட்டுத் தீவொன்றில் நடந்தது இது. லண்டனில் பார்க்கிங் என்ற எங்கள் பகுதியிலிருந்து நானும் மனைவியும் மட்டும் ஒரு வார விடுமுறைக்குப் போயிருந்தோம். மகள் வரவில்லை. எப்படி வருவாள்? தனக்குப் பிடித்தவனைக் கட்டப்போவதாகச் சொன்ன அன்று, "இனி இந்த வாசல்படி மிதிக்காதை" என்று கத்தியவன் நான்தானே. அவளும் மிதிக்கவில்லை. ஒன்றரை வருடமாகப் பேச்சில்லை. மனைவி மட்டும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவளோடு போனில் பேசுவாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அந்தத் தீவில் அது இன்னும் கூடிப்போயிருந்தது. வெயில், நேரத்துக்கு வராத பஸ், உப்புக் கரிக்கும் குழாய்த் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தேன். மாதா திருநாள் வரும் அந்தக் கிழமைதான் வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்று பிடித்த பயணம் அது. நாங்கள் இருவரும் இலங்கையின் மன்னார்க் கத்தோலிக்கர்கள். எங்கள் ஊர்ப்பக்க மடு மாதா கோயில் திருவிழாவும் அதே நாட்களில்தான் வரும். மடுவுக்குப் போக முடியாத ஏக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திருநாள் காலையில் மேட்டிலிருந்த வெள்ளைக் கோயிலுக்கு ஏறினோம். வாசலில் மனைவி செருப்பைக் கழற்றினாள். ஊரில் அது வழக்கம்தான். ஆனால் அங்கே வேறு ஒருவரும் கழற்றவில்லை. எல்லோரும் சப்பாத்தோடு போய் மாதா படத்தை முத்தமிட்டார்கள்.

"செருப்பைப் போடும். எல்லாரும் பாக்கினம்" என்றேன். அவள் காதில் வாங்காமல் உள்ளே போய்விட்டாள்.

பூசை முடிந்து, மாதா படத்தைத் தோளில் சுமந்தபடி ஊர்வலம் துறைமுகத்தை நோக்கி இறங்கியது. முன்னால் பேண்ட் வாத்தியம். வெயிலில் கல் பாவிய பாதை கொதித்தது. மனைவி வெறுங்காலோடு படத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். குறுக்கே நின்று படம்பிடித்த ஒரு சுற்றுலாக்காரனோடு வாய்த்தகராறு பட்டதில் நான் பின்தங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், என் வயது மதிக்கத்தக்க மீசைக்காரர் ஒருவர் கோயில் வாசலில் கிடந்த மனைவியின் செருப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறார்.

அவ்வளவுதான். இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவருடைய காலரைப் பிடித்தேன். "கள்ளன்!" என்று முதலில் தமிழிலும் பிறகு அதைவிடச் சத்தமாக ஆங்கிலத்திலும் கத்தினேன். பேண்ட் நின்றது. மாதா படமும் நின்றது.

அந்த மனிதர் கை ஓங்கவில்லை. மனைவியின் காலைக் காட்டினார், படத்தைக் காட்டினார், "பிராமிஸ், பிராமிஸ்" என்றார். பக்கத்தில் மெழுகுதிரி விற்ற பெண்தான் ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்த ஊரில் நேர்த்திக்கடன் வைத்தவர்கள்தான் வெறுங்காலோடு நடப்பார்களாம். அவர்களுடைய செருப்பை உறவுக்காரர் ஒருவர் பின்னால் சுமந்து வருவாராம். இந்த அம்மாவுக்கு யாரும் இல்லைப்போல என்று நினைத்து அவர் எடுத்தாராம்.

யாரும் இல்லைப்போல! சுருக்கென்று தைத்தது.

மனைவியைப் பார்த்தேன். "நேர்த்தியோ?"

"ஓமப்பா."

"ஆருக்கு? பிள்ளைக்கோ?"

"உங்களுக்கு. இந்தக் கோவம் உங்களை விட்டுப் போகவேணும் எண்டு. பிள்ளை திரும்பி வீட்டை வரவேணும் எண்டு." அவள் அழவில்லை. "இப்ப அந்த மனிசனை விடுங்கோ."

என் கை அப்போதும் அவருடைய காலரைப் பிடித்தபடிதான் இருந்தது.

விட்டேன். கையை நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தந்தார். துறைமுகம் வரை அதைச் சுமந்துகொண்டு மனைவியின் பின்னால் நடந்தேன். உண்மையைச் சொன்னால், அப்போதும் அவள்மேல் கோபம்தான். என்னைப் பற்றி மாதாவிடம் கோள் சொல்லிவிட்டாளே! அவளுடைய குதிக்காலில் கொப்புளம் உடைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்தக் கோபமெல்லாம் என் பக்கம் திரும்பியது. பிறகு ஊர்ச் சாப்பாட்டுப் பந்தியில் அதே மனிதர் எங்கள் தட்டில் ஆட்டிறைச்சியும் பாண் ரொட்டியும் வைத்தார்.

அங்கிருந்தே மகளுக்குப் போன் எடுத்தேன். "அம்மாவுக்கு என்ன?" என்று பதறினாள். வேறு எதற்கும் நான் கூப்பிட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்டுமில்லை. நீ வீட்டை வா" என்றேன்.

உடனே வரவில்லை. கிறிஸ்மசுக்கு வந்தாள், அவனையும் கூட்டிக்கொண்டு.

கோபம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் குரல் உயரும்போதெல்லாம், என் கை இப்போது யாருடைய காலரைப் பிடித்திருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.